பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்தில் மனைப்பிரிவு: ஊராட்சி நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதுவது?

வேலியோரம் எழுதியது:

வணக்கமுங்க. நாலு நாளா தூக்கமே இல்லை. விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படிங்க.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே எங்களுக்கு ரெண்டரை ஏக்கர், அப்பா காலத்துத் தோட்டம். பெரும்பகுதி தென்னை. 2019ல கிழக்கு வேலியோரமா கொட்டகை போட்டு வெண்பன்றி ஆரம்பிச்சேன். அன்னைக்கு அந்தப் பக்கம் பூராவும் சோளக்காடு, அரை கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாதுங்க. இப்ப தாய்ப்பன்றி 12, கிடா 1, கறிக்கு வளர்ற உருப்படி 80 பக்கம் இருக்குது. 2022 ஜூலையில வயநாட்டுல ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்து, கேரளாக்காரங்க வெளிமாநிலப் பன்றிக்குத் தடை போட்டப்ப கடன் மேல கடன் ஆச்சு. அதையும் தாண்டி வந்துட்டேன்.

2023ல கிழக்குத் தோட்டம் கைமாறி மனைப்பிரிவு ஆயிருச்சு. டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி வாங்கி, கல்லு நட்டு, தார்ரோடும் போட்டாச்சு. ரெண்டு வீட்டுல குடி வந்துட்டாங்க, மூணாவது வீடு தளம் போடற நிலையில இருக்குது. டேப் வெச்சு அளந்தேன். என் கொட்டகையிலிருந்து முதல் வீட்டுச் சுவர் 62 மீட்டர்.

போன வாரம் ஊராட்சியிலிருந்து நோட்டீஸ். "உரிமம் பெறாமல் பன்றிகள் வளர்த்து பொதுமக்களுக்குத் துர்நாற்றமும் சுகாதாரக் கேடும் விளைவித்து வருவதால் 7 தினங்களுக்குள் அப்புறப்படுத்த வேண்டும்"னு இருக்குது. நாலு தாய் சினை. ரெண்டு குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகுது, குட்டிகளுக்கு ரெண்டாவது இரும்பு ஊசி இன்னும் போடல. ஏழு நாள்ல எங்கீங்க கொண்டுபோறது?

நான் முதல்ல வந்தவன். அவங்க பின்னாடி வந்தவங்க. அதைச் சொன்னாப் போதுமா? என்ன பதில் எழுதறது?

---

ஓய்வுபெற்ற விரிவாக்க அலுவலர் எழுதியது:

ஐயா, முதலில் ஒன்று. நோட்டீஸை வாங்க மறுப்பது, வாங்கிவிட்டுப் பேசாமல் இருப்பது இரண்டும் வேண்டாம். குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் போகட்டும். பதிவுத் தபால் ஒப்புகை அட்டையுடன் ஒன்று, அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கியது ஒன்று.

அந்த நோட்டீஸில் சட்டப்பிரிவு எண் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் 159வது பிரிவு இருக்கிறது. மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ சொத்துக்கோ கேடு அல்லது தொந்தரவு தரக்கூடிய தொழில்களை உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது என்று சொல்ல ஊராட்சிக்கு அதிகாரம் தரும் பிரிவு. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் அதன் கீழ்தான் இருக்கும். அப்படியானால் உங்கள் பதிலில் மூன்று செய்திகள் இருந்தால் போதும். எந்தத் தேதியிலிருந்து தொழில் நடக்கிறது என்பது. உரிமத்துக்கு இத்துடன் விண்ணப்பிக்கிறேன் என்பது. சினைப் பன்றிகளும் பால்குடிக் குட்டிகளும் இருப்பதால் கால அவகாசம் வேண்டும், கால்நடை மருத்துவரை வைத்துக்கொண்டு இடத்தைப் பார்வையிட வேண்டும் என்பது. கோபத்தை அந்தக் காகிதத்தில் ஏற்ற வேண்டாம்.

"நான் முதலில் வந்தேன்" என்பது பற்றி: உங்கள் மனசாட்சிக்கு அது பெரிய நியாயம், ஆனால் சட்டத்தில் அது மட்டும் காப்பாற்றாது. பொதுத் தொந்தரவு எத்தனை வருடம் நடந்தாலும் பழகிப்போன உரிமை ஆகிவிடாது. புகார் ஊராட்சியோடு நிற்காமல் கோட்டாட்சியரிடம் போனால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152வது பிரிவில், தொந்தரவை அகற்றச் சொல்லி நிபந்தனை ஆணை போடுவார்கள். அங்கேயும் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு. அதற்கும் காகிதம்தான் பேசும்.

ஆகவே, தேதியை நிரூபிக்கும் எல்லாவற்றையும் இன்றே சேர்த்து வையுங்கள். சிட்டா, அடங்கல், புலப்படம், கொட்டகைக்கு மின் இணைப்பு வாங்கிய ரசீது, பன்றிக்காய்ச்சல் (ஆப்பிரிக்க வகை அல்ல, பழைய வகை) தடுப்பூசி போட்ட பதிவு, தீவன பில். கொட்டகைக்கு மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? இலவச விவசாய இணைப்பிலிருந்து என்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். எதிர்த்தரப்பு அடுத்துத் தேடுவது அதைத்தான்.

---

வேலியோரம் எழுதியது:

மின்சாரம் தனி இணைப்புங்க, அது சுத்தமா இருக்குது. நோட்டீஸ்ல பிரிவு எண் எதுவும் இல்லை. எங்க ஊராட்சியில 2025 ஜனவரி 5ஓட தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலம் எல்லாம் முடிஞ்சு, தனி அலுவலர்தான் பார்க்கறாரு. முந்தி இருந்த தலைவரா இருந்தா தோட்டத்துக்கே வந்து பேசியிருப்பாரு. இப்ப யாரைப் போய்ப் பார்க்கறதுன்னே தெரியலீங்க.

---

மனை வாங்கினவன் எழுதியது:

நான் வேலியோட அந்தப் பக்கத்து ஆள். உங்க ஊர் இல்லை, ஆனா எங்க கதையும் இதேதான். பண்ணைக்காரங்க எல்லாரும் எழுதறீங்க, எங்க வலியையும் யாராவது ஒருத்தர் எழுதணும்.

பதினாலு வருஷச் சேமிப்பு. அம்மா நகையும் அடகுல இருக்கு. மனையைப் பார்க்க வந்தது தை மாசம். காத்து கிழக்கேருந்து வீசிச்சு. பக்கத்துல ஓட்டுக் கொட்டகை ஒண்ணு தெரிஞ்சுது, மாட்டுப் பட்டின்னு சொன்னாங்க. நம்பி முன்பணம் கொடுத்தோம். வீடு கட்டி ஆனி மாசம் பால் காய்ச்சினோம். அன்னைக்குச் சாயங்காலம் மேல்காத்து எடுத்துது பாருங்க, வந்த சொந்தக்காரங்க ஒருத்தரும் சாப்பாட்டு இலையில உக்கார முடியல. அம்மாவுக்கு இழுப்பு நோய். ஆடி முழுக்க ஜன்னலைச் சாத்தி வெச்சு, ஃபேன் காத்துல வாழ்ந்தோம். சோத்துத் தட்டுல ஈ. குழந்தை பள்ளிக்கூடத்துல "உன் சட்டை நாறுது"ன்னு கேட்டு அழுதுட்டு வந்தான்.

எங்க பக்கத்துப் பண்ணைக்காரர் நல்ல மனுஷர். ஆனா நாங்க எங்க போறது? வித்துட்டுப் போகலாம்னா வாங்கறவங்களும் இதே காத்தைத்தான் மூச்சு விடணும்.

"நான் முதல்ல வந்தேன்"னு நீங்க எழுதினதைப் படிச்சதும் மனசு கனத்துப்போச்சு. உண்மைதான். எங்களுக்கு மட்டும் யார் சொன்னா?

---

வேலியோரம் எழுதியது:

அண்ணா, நீங்க எழுதுனதை என் சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டுனேன். அவ ஒரே வார்த்தைதான் சொன்னா, "முதல் வீட்டுல ஒரு பாட்டி இருக்காங்க, நாம ஒரு நாளும் போய்ப் பார்க்கலையே"ன்னு.

உண்மையைச் சொல்லிடறேன். கழுவற தண்ணி போறதுக்கு வேலியோரமா ஒரு குழி வெட்டி விட்டிருக்கேன். ஆரம்பத்துல பத்துப் பன்றிக்கு வெட்டுனது. இப்ப 80க்கு அதே குழிதான். மழைக்கு நிரம்பி நிக்குது.

---

கால்நடை மருத்துவச்சி எழுதியது:

குழி பற்றி நீங்களே சொன்னது நல்லதாகப் போயிற்று. மனிதர்கள் சண்டை போடும் இடத்தில் கணக்கைக் கொண்டுவந்து வைத்தால் பாதி சண்டை தணியும், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

சராசரி 50 கிலோ எடையுள்ள பன்றி ஒரு நாளைக்குச் சாணமும் மூத்திரமுமாகச் சேர்த்து மூன்றிலிருந்து நான்கு கிலோ விடும். 80 உருப்படிக்கு 280 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதை மட்டும் அள்ளி உலர்வாக வைத்தால் வேலி தாண்டி அவ்வளவு தூரம் நாறாது. ஆனால் நாம் செய்வது என்ன? ஓஸ் பைப்பைப் பிடித்து ஒரு பன்றிக்கு 15, 20 லிட்டர் என்று அடிக்கிறோம். 280 கிலோ கழிவு 1,500 லிட்டர் சாக்கடையாக மாறிக் குழியில் போய் நிற்கிறது. காற்றுப் புகாத அந்தத் தண்ணீரில் அழுகும்போது வருவதுதான் அந்தக் குடலைப் புரட்டும் வாடை. உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று எந்த வேகத்தில் வரும் என்று உங்களுக்கே தெரியும். குழி கிழக்கு வேலியில் இருக்கிறது, வீடுகள் அதற்குக் கிழக்கே. அந்த மாதங்களில் ஒவ்வொரு மாலையும் நேராக அவர்கள் முற்றத்துக்குத்தான் போகும்.

சாணத்தை முதலில் மண்வெட்டியால் வழித்து அள்ளுங்கள், தண்ணீர் அப்புறம், அதுவும் குறைவாக. பொள்ளாச்சிக்காரர் நீங்கள், தென்னை நார்க்கழிவு உங்கள் காலடியில் கிடக்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைக் குடிக்கும். சாணத்தோடு அடுக்கடுக்காகப் போட்டு மேல்மூடி வைத்துக் கிளறிவந்தால் உங்கள் தென்னைக்கே எரு. ஆழ்கூளம் போடச் சொல்லிச் சிலர் எழுதுவார்கள், உமியை ஒன்றரை அடி நிரப்பிப் பன்றியை அதன்மேலேயே விடுவது. மணம் நன்றாகக் குறையும். ஆனால் கூளம் புளிக்கும்போது சூடேறும், பன்றிக்கு வியர்வை கிடையாது. சித்திரை வெயிலில் இளைப்பெடுத்துப் பன்றிகள் செத்த பண்ணைகளை நான் பார்த்திருக்கிறேன். மார்கழி, தையில் செய்யலாம், கோடையில் வேண்டாம்.

இன்னொரு கேள்வி. ஓட்டல் கழிவு வாங்குகிறீர்களா? வாங்கினால் அதுதான் உங்கள் வாடையில் பாதி, ஈயில் முக்கால். கொதிக்க வைக்காமல் போடவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கிருமியைக் கொல்ல 90 டிகிரியில் ஒரு மணி நேரமாவது கிளறிக் காய்ச்ச வேண்டும். இந்த நோய்க்கு மருந்தில்லை. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இதனால்தான் செத்தன. ஒரு பண்ணையில் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டரில் உள்ள பன்றிகள் எல்லாவற்றையும் அழிப்பார்கள், பத்து கிலோமீட்டர் கண்காணிப்பு. உங்கள் நோட்டீஸைவிடப் பெரிய நோட்டீஸ் அது.

பார்வையிட வரும் அதிகாரி "பன்றி என்றாலே நோய்" என்று சொல்லக்கூடும். அதில் உண்மை எது, இல்லாதது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மூளையில் கட்டி உண்டாக்கும் நாடாப்புழு, மனித மலத்தைத் தின்னும் தெருப்பன்றி வழியாகச் சுற்றுவது. சிமெண்ட் தரையில் அடைத்து, தீவனம் போட்டு, வேலையாட்களுக்குக் கழிப்பறையும் வைத்திருக்கும் பண்ணையில் அந்தச் சுற்று அறுந்துவிடும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அப்படியல்ல. இந்தியாவில் அது முதலில் தெரியவந்தது நம் வேலூர்ப் பகுதியில், 1955இல். அந்தக் கிருமி பன்றியின் உடலில் பெருகும், கொசு வழியாகக் குழந்தைகளுக்குப் போகும். ஆகவே தேங்கிய குழியும் பக்கத்தில் வீடுகளும் சேர்ந்தால் எனக்கும் பயம்தான். குழியை மூடுங்கள். இதில் நான் உங்கள் பக்கம் பேசமாட்டேன்.

---

வேலியோரம் எழுதியது:

ஓட்டல் கழிவு வாரத்துக்கு மூணு டிரம் வாங்கறேன் டாக்டரம்மா. காய்ச்சறதில்லை. இன்னையோட நிறுத்தறேன். தீவனச் செலவு ஏறும், பரவாயில்லை.

---

மார்த்தாண்டம் எழுதியது:

எங்க பக்கம் பன்றி வளர்க்கது சாதாரணம். எனக்க மாமா மகன் பாறசாலைக்கு அந்தப்பக்கம், கேரளத்துல பண்ணை வச்சிருக்கான். நான் இந்தப்பக்கம். ரெண்டு பேருக்கும் இடையில ஆறு கிலோமீட்டர்தான், சட்டம் மட்டும் வேற.

அங்க 2012ல கால்நடைப் பண்ணைகளுக்குன்னே பஞ்சாயத்து ராஜ் உரிம விதி கொண்டுவந்தாச்சு. அந்த விதியில அஞ்சு பன்றி வரைக்கும் உரிமம் வேண்டாம். அஞ்சுக்கு மேல போனா வேணும். எண்ணிக்கை கூடக்கூட வகுப்பு மாறும், அதுக்குத் தக்கன கழிவுக்குழி, எருக்குழி எல்லாம் என்னென்ன வேணும்னு எழுதி வச்சிருக்கு. அவனுக்கும் பக்கத்து வீட்டுக்காரனோட வழக்கு வந்துச்சு, லேசுப்பட்ட வழக்கில்ல. ஆனா எதைச் செஞ்சா உரிமம் கிடைக்கும்னு அவனுக்கு முன்கூட்டியே தெரியும். செஞ்சான், வாங்கினான்.

நான் உரிமம் கேட்டு ஊராட்சிக்குப் போனப்ப "பன்றிக்கா? இதுவரை யாரும் கேட்டதில்லியே"ன்னாவ. சுகாதார ஆய்வாளரப் பாருன்னாவ. அவரு கால்நடைத் துறைச் சான்று கொண்டுவான்னாரு. கால்நடைத் துறையில ஊராட்சித் தடையின்மைச் சான்று கொண்டுவான்னாவ. ஒரு வருசம் சுத்தினேன். சுத்தினதுக்கெல்லாம் மனு நகல் வச்சிருக்கேன், பின்னால புகார் வந்தப்ப அந்த நகல்தான் என்னைக் காப்பாத்துச்சு. "கேக்காம நடத்துறான்"னு எவனும் சொல்ல முடியல.

அரசியல் சட்டத்து 11வது அட்டவணையில ஊராட்சிக்குரிய வேலையில நாலாவதே கால்நடை வளர்ப்பு, பால், கோழின்னு இருக்கு. வளர்க்கச் சொல்லிக் குடுக்க வேண்டிய எடமும் அதுதான். அதை மறந்துட்டு, நோட்டீஸ் குடுக்கிற எடமா மட்டும் ஆக்கிட்டாவ.

---

புதுப்பண்ணை2 எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம். தேசிய கால்நடை இயக்கத்துல 50 தாய், 5 கிடா வெச்சா 50 சதவீத மானியம், 15 லட்சம் வரைக்கும் தர்றாங்களே. மத்திய அரசு மானியம் கொடுத்த பண்ணையை ஊராட்சி மூடச் சொல்ல முடியுமா?

---

ஓய்வுபெற்ற விரிவாக்க அலுவலர் எழுதியது:

முடியும். மானியம் வேறு, இடத்துக்கான உரிமம் வேறு. மானியத்தை நம்பிக் கடன் வாங்கி, இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

---

ராலே எழுதியது:

நான் அமெரிக்காவில் வட கரோலினாவில் மண் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இங்கே கிழக்கு மாவட்டங்களின் முக்கியத் தொழில்களில் பன்றி வளர்ப்பும் ஒன்று, அதனால் இந்தச் சண்டையை இருபது வருடமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

இங்கே நில மண்டலச் சட்டத்துக்கே (எங்கே வீடு, எங்கே தொழில் என்று பிரிக்கும் சட்டம்) அடித்தளமான தீர்ப்பில் பன்றி வருகிறது. 1926, யூக்ளிட் கிராமத்து வழக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன் கருத்து இது: தொந்தரவு என்பது, சரியான பொருள் தவறான இடத்தில் இருப்பதாகவும் இருக்கலாம், பட்டியில் இருக்க வேண்டிய பன்றி வீட்டுக் கூடத்தில் இருப்பதுபோல. நூறு வருடமாக வழக்கறிஞர்கள் அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வேலியோரம் அண்ணன் விஷயத்தில் பன்றி பட்டியில்தான் இருக்கிறது. கூடம்தான் பட்டிக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

1995 ஜூன் மாதம் இங்கே ஆன்ஸ்லோ மாவட்டத்தில் ஒரு பெரிய பண்ணையின் கழிவுக் குட்டை உடைந்து, சுமார் 9.5 கோடி லிட்டர் பன்றிக் கழிவு ஆற்றில் கலந்தது. மீன்கள் கரையெல்லாம் செத்து ஒதுங்கின. அந்த வருடமே பண்ணை அமைவிடச் சட்டம் வந்தது. 250 பன்றியோ அதற்கு மேலோ உள்ள புதுப் பண்ணை, குடியிருக்கும் வீட்டிலிருந்து 1,500 அடி தள்ளி இருக்க வேண்டும். பள்ளி, மருத்துவமனை, தேவாலயத்திலிருந்து 2,500 அடி. 1997இல் புதிய குட்டைகளுக்கே தற்காலிகத் தடை, 2007இல் அது நிரந்தரம்.

நான் கவனிக்கச் சொல்வது அந்த 250 என்ற எண்ணை. அண்ணனிடம் இருப்பது நூறு சொச்சம். ஊரையே நாறடிக்கும் தொழிற்சாலைப் பண்ணையையும், ஒரு குடும்பம் நடத்தும் பண்ணையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதேசமயம் இங்குள்ள "பண்ணை நடத்தும் உரிமை" சட்டங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். சிறு விவசாயியைக் காக்க என்று கொண்டுவந்தார்கள். இன்று அவற்றின் நிழலில் வசதியாக இருப்பவை ஆயிரக்கணக்கில் பன்றி வைத்திருக்கும் நிறுவனங்கள். பக்கத்து வீட்டு ஏழை கறுப்பினக் குடும்பங்கள் பல வருடம் நீதிமன்றத்தில் நின்றன.

---

கரிசல்காடு எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் இதுவரைக்கும் தொடல. நான் தொடுறேன்.

எங்க மாவட்டத்துல 20,000 கோழி வளர்க்கிற பண்ணை இருக்கு. ஈ எப்படி மொய்க்கும்னு கேக்கவே வேண்டாம். அதுக்கு நோட்டீஸ் போனதில்ல. அதே ஊர்ல எங்க சித்தப்பா 15 பன்றி வெச்சாரு. மூணாவது மாசம் ஊர்க்கூட்டம். பேசினது பூரா வாடையைப் பத்தி இல்ல. "கோயில் இருக்கிற திசை", "நம்ம ஊருக்கு இது வழக்கமில்ல", "இந்தத் தொழில் யாரு செய்யறது". பன்றி வளர்ப்பைச் சில சாதிகளோட கட்டி வெச்சு, அந்தச் சாதிகளைக் கீழ வெச்ச மனசுதான் அந்தக் கூட்டத்துல பேசிச்சு. எழுத்துல வந்தப்ப மட்டும் "சுகாதாரக் கேடு"ன்னு ஆயிருச்சு.

நாற்றம் இல்லைன்னு நான் சொல்லல. மனை வாங்கின அண்ணனோட கஷ்டம் நிஜம். ஆனா எத்தனை மீட்டர், எத்தனை உருப்படி, கழிவு எங்க போகுதுன்னு அளந்து எழுதின விதி இல்லாத எடத்துல, இந்த மனசு விதியா வந்து உக்காந்துக்கும். அதனாலதான் எனக்கு மார்த்தாண்டம் அண்ணன் சொன்ன கேரளா மாதிரி எண்ணி எழுதின சட்டம் வேணும். அது எங்களைக் கட்டுப்படுத்தட்டும், பரவாயில்ல.

---

மனை வாங்கினவன் எழுதியது:

கரிசல்காடு சொன்னதை ஏத்துக்கறேன். எங்க தெருவுல கையெழுத்து வாங்கினப்ப ரெண்டு பேர் அந்த மாதிரி பேசினாங்க. நான் அப்ப வாயைத் திறக்கல. திறந்திருக்கணும்.

---

ஓய்வுபெற்ற விரிவாக்க அலுவலர் எழுதியது:

என் முப்பது வருடப் பணியில் உறுத்திக்கொண்டே இருந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

மனைப்பிரிவு அனுமதிக் கோப்புகள் பல என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. பக்கத்தில் மயானம் இருந்தால் கேள்வி வரும். ஓடை இருந்தால் பொதுப்பணித் துறை, ரயில் பாதை இருந்தால் ரயில்வே, உயர் மின்கம்பி போனால் மின்வாரியம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். பக்கத்தில் கால்நடைப் பண்ணை நடக்கிறதா என்ற கேள்வியை நான் ஒரு கோப்பிலும் கண்டதில்லை. பண்ணை போட வருகிறவனிடம் "வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்" என்று கேட்கிறோம். வீட்டு மனை போட வருகிறவரிடம் "பண்ணையிலிருந்து எவ்வளவு தூரம்" என்று கேட்பதில்லை. தூரம் என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதானே? 62 மீட்டர் இங்கிருந்து அளந்தாலும் 62, அங்கிருந்து அளந்தாலும் 62.

அந்த ஒரு கேள்வி கோப்பில் இருந்திருந்தால், மனை விற்றவர் மேற்கு வரிசையில் பூங்காவுக்கான பொது இடத்தை ஒதுக்கியிருப்பார். மனைப்பிரிவில் திறந்தவெளிக்கு எப்படியும் இடம் விட்டுத்தானே ஆக வேண்டும். அதை வேலியோரம் விட்டு மரம் வைத்திருந்தால் இன்று பாட்டியும் நிம்மதியாக இருந்திருப்பார், இவரும் தூங்கியிருப்பார்.

வேலியோரம் ஐயா, இதையும் தனி மனுவாக மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள். மூன்றாவது வீடு கட்டி முடியும் முன்னமே பூங்கா இடம் எது என்று வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அனுமதி வரைபடம் மறைக்க வேண்டிய பொருளல்ல, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும்.

---

வேலியோரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆறு வாரம் ஆச்சு, நடந்ததைச் சொல்றேன்.

ஐயா சொன்ன மாதிரி பதில் எழுதிக் கொடுத்தேன். 2019 மின் ரசீது, தடுப்பூசி அட்டை, தீவன பில் எல்லாம் வெச்சேன். தனி அலுவலர் ஒரு வியாழக்கிழமை வந்தாரு, கூட சுகாதார ஆய்வாளர், கால்நடை உதவி மருத்துவர். நேரா குழிக்கிட்டத்தான் போனாங்க. குழியை அதுக்கு முன்னாடியே மண் அடிச்சு மூடியிருந்தேன். மூடுன தடம் தெரிஞ்சுது, நானும் மறைக்கல. உரிம விண்ணப்பத்தை வாங்கி ஒப்புகை கொடுத்தாங்க. 90 நாள் அவகாசம், அதுக்குள்ள கொட்டகையை மாத்தி, கழிவுக்கு வழி பண்ணி, மறுபடி பார்வையிடணும்னு எழுதிக் கொடுத்திருக்காங்க.

கறிப் பன்றிக் கொட்டகையை மேற்கு வேலிக்கு மாத்திட்டு இருக்கேன். பழைய தகரத்தையே கழட்டிப் போடறதால தரைக்கும் சுவருக்கும்தான் செலவு. அங்கிருந்து முதல் வீடு 150 மீட்டருக்குக் கிட்ட வருது, நடுவுல தென்னை பூராவும் நிக்குது. மேற்கே பக்கத்துத் தோட்டக்காரரும் தென்னைதான், வீடு கிடையாது. அவருகிட்ட முன்னாடியே போய்ச் சொல்லி, ஆட்சேபம் இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டேன். உருப்படியும் 80லிருந்து 50க்குக் குறைச்சாச்சு. இருக்கற எரு என் தென்னைக்குச் சரியா இருக்குது, அதுக்கு மேல வளர்த்தா அள்ளிப் போட இடம் இல்லைங்க.

சாணத்தை வழிச்சு அள்ள ஒரு ஆள் கூடுதலாத் தேவைப்படுது. நார்க்கழிவு முந்தி சும்மா கிடந்தது, இப்ப கட்டி பண்ணி ஏற்றுமதி பண்றதால காசு கேக்கறாங்க. டிராக்டர் லோடு கணக்குல பேசி வெச்சிருக்கேன்.

நானும் சம்சாரமும் முதல் வீட்டுக்குப் போனோம். பாட்டி முதல்ல கதவைத் தொறக்கல. பையன்தான் வந்தாரு. குழி மூடுனதைச் சொன்னேன். "பத்து நாளாவே வித்தியாசம் தெரியுது, ஆனா இது கீழ்காத்து மாசம், ஆடியில சொல்றேன்"னாரு. அது நியாயமான பேச்சுங்க. மனைப்பிரிவு வரைபடத்தை அவரும் நானும் சேர்ந்தே போய்க் கேட்டோம். பூங்கா இடம் தெற்கு மூலையில காட்டியிருக்குது, எங்க வேலிக்கு வரல. ஆனா வேலியோரமா பன்னெண்டு அடி விட்டு, மலைவேம்பும் மூங்கிலும் ரெண்டு வரிசை நான் என் செலவுல நட்டுட்டேன். அவங்க பக்கம் ஒரு வரிசை அவங்க நடறதா சொல்லியிருக்காங்க.

உரிமம் இன்னும் கைக்கு வரல. வந்தாச் சொல்றேன்.

---

கால்நடை மருத்துவச்சி எழுதியது:

மகிழ்ச்சி. சினையாக இருந்த நாலும் என்ன ஆயிற்று?

---

வேலியோரம் எழுதியது:

மூணு போட்டாச்சுங்க டாக்டரம்மா. கடைசியாப் போட்டது 11 குட்டி, ஒண்ணு தாய் படுத்து நசுங்கிருச்சு, பத்து நல்லாப் பால் குடிக்குது. நாலாவது இன்னும் ஒரு வாரத்துல. தாய்ப்பன்றிக் கொட்டகையை மட்டும் அது முடிஞ்சு, குட்டியைப் பிரிச்ச பின்னாடிதான் மேற்கே மாத்துவேன். தனி அலுவலர்கிட்ட அதையும் எழுதிக் கொடுத்திருக்கேன்.

---

கால்நடை மருத்துவச்சி எழுதியது:

நாலாம் நாள் இரும்பு ஊசி, பதினாலாம் நாள் மறுபடி. இடம் மாற்றும் பரபரப்பில் மறந்துவிடாதீர்கள்.